ஒரு ஜோடி ஷூவும் ஒரு வருடக் கொடைக்கானலும்

போன சித்திரைத் திருவிழாவுக்கு முந்தின வாரம் மதுரையில் ஒரு ஸ்போர்ட்ஸ் கடையில் 3,400 ரூபாய் கொடுத்து மலையேற்ற ஷூ ஒரு ஜோடி வாங்கினேன். சாம்பல் நிறம், கணுக்காலை மூடும் உயரம், நாக்கில் ‘வாட்டர் ப்ரூஃப்’ என்று ஒரு லேபிள். இந்தச் சித்திரையோடு அதற்கு ஒரு வயது. அதைப் போட்டுக்கொண்டு ஏரியில் துடுப்பு வலித்திருக்கிறேன், வத்தலக்குண்டிலிருந்து மலைக்கு சைக்கிள் மிதித்திருக்கிறேன், உறைபனியில் ஓடியிருக்கிறேன், வெள்ளகவி மலைக்கிராமத்துக்கு இறங்கியிருக்கிறேன். ஒரு தடவை அடுப்பு ஓரத்தில் வேகவும் வைத்திருக்கிறேன். விமர்சனம் எழுத இது போதும் என்று நினைக்கிறேன். கம்பெனி பெயரை மட்டும் எழுத மாட்டேன். ஏன் என்பது படித்தால் புரியும்.

நான் திருமங்கலம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். அண்ணன் குடும்பம் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் இருக்கிறது. மாதம் ஒரு சனி, ஞாயிறு ஆரப்பாளையத்தில் பஸ் ஏறிவிடுவேன். மற்றவர்களுக்குக் கொடைக்கானல் என்றால் கோக்கர்ஸ் வாக், பைன் காடு, சாக்லேட். எனக்கு அது ஒரு பெரிய மைதானம். மாதத்துக்கு ஒரு விளையாட்டு மாறும், ஷூ மாறாது. ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனி ஷூ வாங்குகிற சம்பளம் எனக்கு இல்லை.

வாங்கியது சாயங்காலம். நாள் முழுக்க நின்ற பாதம் சாயங்காலம் கொஞ்சம் வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும். காலையில் அளவு பார்த்து வாங்கினால் மத்தியானம் கடிக்கும். தடித்த சாக்ஸும் கையோடு கொண்டுபோயிருந்தேன். பாதத்தை முன்னால் தள்ளி, குதிகாலுக்குப் பின்னால் ஆள்காட்டி விரல் நுழைகிறதா என்று பார்த்தேன். பெண்கள் வரிசையில் எல்லாமே ரோஸ் கலர், ஒன்றுகூட என் அளவில் இல்லை. கடைப்பையன் தயங்கித் தயங்கி ஆண்கள் ஷூவை எடுத்து வந்தான். ‘மேடம், இது ஜென்ட்ஸு…’ என்று இழுத்தான். ஷூவுக்கு அது தெரியாது தம்பி என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

சித்திரை, வைகாசியில் கொடைக்கானலில் கூட்டம் தாங்காது. 2024 மே முதல் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துவிட்டது. அரசு பஸ்ஸில் போகிறவளுக்கு அந்தக் கவலை இல்லை. அந்த மாதங்களில் காலையில் சீக்கிரம் போய்ப் படகு வலிப்பதோடு சரி. 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை உண்டாக்கிய ஏரி அது. நம்ம ஊர் கலெக்டர் செய்தது என்று எனக்கு அதில் ஒரு சின்ன உரிமை உண்டு. துடுப்புப் படகில் பலம் கையில் இருக்கிறது என்று நினைப்பார்கள், உண்மையில் காலை உதைத்துத்தான் இழுக்க வேண்டும். ஈரப் பலகையில் இந்த ஷூ வழுக்கவில்லை. அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆடியில் சைக்கிள். வத்தலக்குண்டில் காலை ஐந்து மணிக்குக் கிளம்பினேன். காமக்காப்பட்டி செக்போஸ்ட் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பித்துவிடும், அப்புறம் ஐம்பது கிலோமீட்டர் போல நிமிர்ந்த ரோடுதான். ஏற்றத்தில் மெத்தென்ற ஓட்ட ஷூ எதிரி. மிதிக்கிற பலத்தில் பாதியை அந்தப் பஞ்சே குடித்துவிடும், பெடல் உள்ளங்காலில் குத்தும். இதன் அடி விறைப்பு, அதனால் பாதம் மரத்துப்போகவில்லை. டம்டம் பாறையில் இறங்கி, எதிரே தலையாறு அருவியைப் பார்த்துக்கொண்டு இரண்டு மலை வாழைப்பழம் தின்றேன். 297 மீட்டர் உயரம், எலிவால் என்று பேர். சரியான பேர்தான், தூரத்திலிருந்து ஒரு வெள்ளை நூல் மாதிரி தெரியும். பெருமாள்மலையில் ஆடிக் காற்று சைக்கிளோடு ஆளையும் ரோட்டோரத்துக்குத் தள்ளியது. ஏழரை மணி நேரம் ஆனது. அண்ணன், ‘பஸ்ஸுல வந்திருந்தா காலையிலேயே பொங்கல் சாப்பிட்டிருக்கலாம்’ என்றான்.

வினை ஐப்பசியில் வந்தது.

வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாதையில் அடைமழை. அங்கே தரை என்பதே மரவேரும் பாசி பிடித்த கல்லும்தான். ஆழமான பற்கள் உள்ள அடி சேற்றைக் கவ்வும். ஈரக் கல்லில் அந்தப் பற்களுக்கு வேலையே கிடையாது, ரப்பர் மிருதுவாக இருந்தால்தான் பிடிக்கும். இந்த ரப்பர் கெட்டி. சீக்கிரம் தேயாது, ஆனால் வழுக்கும். இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தேன். அட்டைகள் வேறு. வேப்பெண்ணெய் தடவி, உப்பு முடிச்சு கட்டிப் போயிருந்தும் சாக்ஸுக்குள் மூன்று.

‘வாட்டர் ப்ரூஃப்’ பற்றி: பக்கவாட்டில் தண்ணீர் நுழையவில்லை, அது உண்மை. ஆனால் கணுக்கால் வழியாக மேலிருந்து இறங்கிய தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே குளம் கட்டிக்கொண்டது. தண்ணீரை உள்ளே விடாத துணி வெளியேயும் விடாது. சாதாரண வலைத்துணி ஷூ என்றால் நனையும், மறுநாளே காய்ந்தும் விடும். இது மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். மழைக்காலத்துக்கு மட்டும் வாங்குகிறவர்கள் அந்த லேபிளுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி அப்போதே சொன்னார், ‘பேப்பரச் சுருட்டி உள்ள திணிச்சு வைங்க, நாளைக்கு மாத்தி வைப்போம்.’ மறுநாள் காலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், திங்கட்கிழமை பள்ளியில் விளையாட்டுப் போட்டி. அவசரத்தில் விறகடுப்பு ஓரத்தில் சாய்த்து வைத்துவிட்டேன். ராத்திரி முழுக்கக் கங்கு இருந்திருக்கிறது. காலையில் எடுத்துப் பார்த்தால் இடது ஷூவின் முனை, தூண்டிலில் மாட்டிய கெண்டை மாதிரி வாயைத் திறந்துகொண்டு நின்றது. இந்த ரக ஷூக்களில் அடியை ஒட்டுவது பசைதான், தையல் கிடையாது. சூடு பட்டால் பசை இளகிவிடும். வெயிலில் கார் டிக்கியில் போட்டு வைப்பவர்களுக்கும் இதே கதிதான். (வருடக்கணக்கில் பெட்டியிலேயே பொத்திப் பொத்தி வைத்தாலும் சில ஷூக்களின் நடு அடி பொடிப்பொடியாக உதிரும். அது பாலியூரித்தேன் ஈரக்காற்றில் மெல்ல மெல்லச் சிதைவதால் வருவது. ஷூவைப் போட்டு நடக்கத்தான் வேண்டும்.)

கடைக்குக் கொண்டுபோனேன். அடுப்பைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. கடைக்காரர் முகர்ந்து பார்த்தார். ‘புகை வாடை அடிக்குதே மேடம்’ என்றார். வாரண்டி அங்கேயே முடிந்தது. தப்பு என் மேல், அதனால்தான் பெயர் எழுதவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: 3,400 ரூபாய் ஷூவோடு ‘நெருப்பருகே காய வைக்காதீர்’ என்று ஒரு துண்டுச் சீட்டு வைத்திருக்கலாம். பெட்டிக்குள் இருந்த சீட்டில் பதினோரு மொழி இருந்தது, தமிழ் இல்லை.

அப்புறம் பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் குடை விரித்து உட்காரும் ஒரு பெரியவரிடம் போனேன். ஷூவை வளைத்துப் பார்த்தார், நகத்தால் பழைய பசையைச் சுரண்டினார். ‘ஒட்டிக் குடுங்கய்யா’ என்றேன். ‘ஒட்டுனா அடுத்த மழைக்கு நிக்காதும்மா. சுத்தித் தைக்கணும். நீங்க மலைக்குப் போறவுகதான?’ உள்ளே ஒட்டியிருந்த சருகைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். முதலில் கத்தியால் அடியின் ஓரத்தில் மெல்லிய பள்ளம் கீறினார், நூல் அதற்குள் பதிந்துவிட்டால் கல்லில் உரசி அறாதாம். நைலான் நூலை மெழுகுக் கட்டியில் இரண்டு தடவை இழுத்தார். கொக்கி ஊசி ரப்பருக்குள் போய் நூலைக் கவ்விக்கொண்டு வரும்போது ஒவ்வொரு தடவையும் ‘டக்’ என்று ஒரு சத்தம். நாற்பது நிமிடம். 200 ரூபாய் கேட்டார். வலது ஷூவையும் தைத்துவிடட்டுமா என்று கேட்டதற்கு, நல்லாத்தானே இருக்கிறது என்று வேண்டாம் என்றேன்.

தையில் ஏரியைச் சுற்றி ஓட்டம், ஒரு சுற்று ஐந்து கிலோமீட்டர். விடிகாலையில் தண்ணீர் மேல் ஆவி பறக்கும், கரையோரப் புல்லெல்லாம் உப்பு தூவியது போல் உறைபனி. குளிருக்கு இரண்டு சாக்ஸ் போட்டது என் அடுத்த முட்டாள்தனம். இறுக்கினால் ரத்தம் ஓடாது, விரல் இன்னும் விறைக்கும். ஒரு கம்பளி சாக்ஸும் விரலை அசைக்க இடமும் இருந்தால் போதும். ஓட்டத்துக்கு இந்த ஷூ கனம். ஓட மட்டும் வேண்டும் என்பவர்கள் வாங்காதீர்கள்.

அதே தையில் வெள்ளகவி. குரங்கணியில் 2018 மார்ச் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததிலிருந்து எனக்கு அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போவது பிடிப்பதில்லை. 2024 அக்டோபரில் வனத்துறை இணையத்தில் முன்பதிவு செய்து போகும் 40 மலைப்பாதைகளைத் திறந்தது, வட்டக்கானல் – வெள்ளகவி அதில் ஒன்று. உள்ளூர்ப் பையன் ஒருவன் வழிகாட்டியாக வந்தான். இறக்கம், இறக்கம், இறக்கம். கடையில் விரல் நுழைத்துப் பார்த்த அந்த இடைவெளி இங்கேதான் உதவியது. கூட வந்த ஸ்டாஃப் ரூம் தோழிக்குக் கட்டைவிரல் நகம் இரண்டும் கறுத்துப்போனது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஊர் எல்லை வந்ததும் வழிகாட்டி தன் செருப்பைக் கழற்றினான். வெள்ளகவிக்குள் யாரும் செருப்பு போடுவதில்லை, ஊரே சாமி இருக்கிற இடம் என்பது அவர்கள் கணக்கு. நாங்களும் கழற்றினோம். கயிறுகளை முடிந்து கழுத்தில் தொங்கப் போட்டுக்கொண்டேன். வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டி, ‘என்னத்தா, ரெண்டு பாறாங்கல்லக் கழுத்துல கட்டிட்டு வர்ற’ என்று சிரித்தார். மூன்று மணி நேரம் ஷூவுக்குள் அவிந்த பாதம் குளிர்ந்த மண்ணில் பட்ட சுகத்தை எந்தக் கம்பெனியும் விற்க முடியாது.

மாசி, பங்குனி தீ பயம், பாதைகளை மூடிவிடுவார்கள். அப்போது மதுரையிலேயே கீழக்குயில்குடி சமணர் மலை. காய்ந்த கருங்கல் பாறையில் இந்த ரப்பர் பல்லி மாதிரி ஒட்டுகிறது. பேச்சிப்பள்ளம் வரை ஏறி இறங்கியதில் ஒரு சறுக்கல் இல்லை. ஐப்பசியில் என்னை உட்கார வைத்த அதே ஷூதான்.

இன்று கணக்கு: இடது ஷூவின் தையல் ஒரு இழைகூடப் பிரியவில்லை. குதிகால் பற்கள் பாதி தேய்ந்திருக்கின்றன. கயிறு ஒன்று மாற்றியாயிற்று, 30 ரூபாய். வலது ஷூவின் முனை போன வாரத்திலிருந்து லேசாக வாய் திறக்கிறது. பெரியவர் ஞாயிற்றுக்கிழமை உட்கார மாட்டார். திங்கட்கிழமை பள்ளி விட்டதும் போய் நின்றால், ‘அப்பவே சொன்னேன்ல’ என்பார்.