டேலி பிரைம் சில்வர்: தனியாளாகக் கடை நடத்துபவர் வாங்கலாமா?

முதலாளியும் அவரே, கணக்குப்பிள்ளையும் அவரே, லாரியிலிருந்து சரக்கு இறங்கும்போது எண்ணிப் பார்ப்பவரும் அவரே. இப்படி நடக்கும் வியாபாரத்துக்கு டேலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளின் சில்வர் உரிமம் தேவையா? சரக்கு வாங்கி விற்பவர், ரெகுலர் ஜிஎஸ்டியில் இருப்பவர், மாதம் நாற்பது ஐம்பது கொள்முதல் பில்லாவது வருகிறவர் என்றால் தாராளமாக வாங்கலாம். சேவைத் தொழில் செய்பவருக்கும் காம்போசிஷன் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் திட்டம்) கடைக்காரருக்கும் இது வேண்டாத செலவு. வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. முதல் நாள் செட்டிங்கில் விடும் பிழைகள் மார்ச் 31 வரை கூடவே வரும். டேலியைக் குறை சொல்கிறவர்களில் பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது அங்கேதான். அதனால் இந்த மதிப்புரையில் பெரும்பகுதி அந்தச் செட்டிங் பற்றியது.

சில்வர் என்பது ஒரே கம்ப்யூட்டருக்கான உரிமம். விலை 22,500 ரூபாய், 18% வரியோடு 26,550. உங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து பில் வாங்கினால் அந்த 4,050 ரூபாய் வரி கிரெடிட்டாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாகத் திரும்பிவிடும். எண்ணைக் கொடுக்க மறந்தால் போனது போனதுதான். உரிமத்துக்குக் காலக்கெடு கிடையாது. ஆனால் டிஎஸ்எஸ் என்ற ஆண்டுச் சந்தா முதல் வருடம் மட்டுமே இந்த விலைக்குள் அடக்கம். அடுத்த வருடத்திலிருந்து 4,500 ரூபாயும் வரியும் தனி. சந்தா கட்டாவிட்டால் பில் போடுவது நிற்காது. புதிய பதிப்பு கிடைக்காது, ஜிஎஸ்டி போர்ட்டலோடு நேரடி இணைப்பு இயங்காது. விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1-இன் 12ஆம் அட்டவணை 2025-இல் பதிவு பெற்றவர்களுக்கு விற்றது, மற்றவர்களுக்கு விற்றது என்று இரண்டாகப் பிரிந்தது. இப்படிப் படிவங்கள் மாறிக்கொண்டே இருப்பதால் சந்தாவையும் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

கம்பெனி உருவாக்கும்போது கவனமாகச் செய்ய வேண்டியது பில் எண். ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, ஒரு நிதியாண்டுக்குள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், ஒரே எண் இரண்டு முறை வரக் கூடாது. எழுத்து, எண், சிறு கோடு, சாய்கோடு மட்டுமே அனுமதி. கடைப்பெயரின் இரண்டு ஆங்கில எழுத்து, சாய்கோடு, 26-27, மறுபடி சாய்கோடு, நான்கு இலக்க எண் என்று வைத்தால் மொத்தம் 13. இது போதும். சேல்ஸ் வவுச்சர் டைப்பை (விற்பனைப் பதிவுகளுக்கான அமைப்பு) திறந்து முன்னொட்டை ஏற்றுங்கள், ஏப்ரல் 1 முதல் எண் புதிதாகத் தொடங்கும்படி வையுங்கள்.

அதே திரையில்தான் பலர் பார்க்காமல் கடந்துபோகும் வரி ஒன்று இருக்கிறது. நடுவில் ஒரு வவுச்சர் நீக்கப்பட்டாலோ நுழைக்கப்பட்டாலோ மற்ற எண்கள் என்ன ஆக வேண்டும் என்ற கேள்வி அது. 'பழைய எண்ணே இருக்கட்டும்', 'எண்களை மாற்றி அடுக்கு' என்று இரண்டு பதில்கள். 3.0 பதிப்பில் வந்த வசதி இது; பழைய பதிப்பிலிருந்து கொண்டுவந்த டேட்டாவாக இருந்தால் கட்டாயம் திறந்து பாருங்கள். மாற்றி அடுக்கும்படி இருந்தால் என்ன ஆகும்? 148ஆம் பில் தவறாகப் போட்டது என்று ஆல்ட்-டி அழுத்தி நீக்குகிறீர்கள். அந்த நொடியே 149 என்பது 148 ஆகிவிடும், 150 என்பது 149 ஆகிவிடும். வாடிக்கையாளர் கையில் இருக்கும் அச்சடித்த பில்லில் 149. உங்கள் ரிட்டர்னில் 148. அவருடைய 2பி-யிலும் (சப்ளையர்கள் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி போர்ட்டல் தரும் கிரெடிட் பட்டியல்) 148 என்றே விழும். கிரெடிட் பொருந்தவில்லை என்று அவர் பணத்தை நிறுத்தி வைப்பார். காரணத்தைக் கண்டுபிடிக்கவே இரண்டு பேருக்கும் ஒரு வாரம் போய்விடும். ஆகவே எண்ணை நிலையாக இருக்கும்படி வைத்துவிட்டு, தவறான பில்லை ஆல்ட்-எக்ஸ் அழுத்தி ரத்து மட்டும் செய்யுங்கள். எண் அப்படியே இருக்கும், தொகை பூஜ்யமாகும், ஜிஎஸ்டிஆர்-1-இன் 13ஆம் அட்டவணையில் ரத்தானதாகக் கணக்கில் வரும்.

பில் போடும் வேகத்தில் டேலியை மிஞ்சுவது கடினம். எஃப்8 அழுத்தினால் விற்பனைத் திரை. பார்ட்டி பெயரில் இரண்டு எழுத்து, ஐட்டத்தில் மூன்று எழுத்து, எண்ணிக்கை, விலை, கன்ட்ரோல்-ஏ. மவுஸைத் தொடவே வேண்டாம். புது வாடிக்கையாளர் என்றால் பில்லுக்குள் இருந்தபடியே ஆல்ட்-சி அழுத்தி அவருக்கான லெட்ஜரை (தனிக் கணக்கை) உருவாக்கலாம். கோவையில் ஒரு பேரிங் கடை என்று வைத்துக்கொள்வோம். 6203 பால் பேரிங் 20, ஒன்று 120 ரூபாய், எச்எஸ்என் (சரக்கு வகை எண்) 8482, வரி 18%. மதிப்பு 2,400. வாங்குபவர் திருப்பூர்க்காரர் என்றால் சிஜிஎஸ்டி (மத்திய வரி) 216, எஸ்ஜிஎஸ்டி (மாநில வரி) 216, மொத்தம் 2,832. சரக்கு பாலக்காட்டுக்குப் போகிறது என்றால் ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனைக்கான வரி) 432. மொத்தத் தொகை ஒன்றேதான், வரி போய்ச் சேரும் இடம் வேறு.

எந்த வரி என்பதை டேலி பார்ட்டி லெட்ஜரில் உள்ள மாநிலத்தைப் பார்த்து முடிவு செய்கிறது. கேரளப் பார்ட்டிக்கு சிஜிஎஸ்டி லெட்ஜரைத் தேர்ந்தெடுத்தால் தொகை வராது. இது நல்ல காவல். ஆனால் லெட்ஜரிலேயே மாநிலம் தமிழ்நாடு என்று தவறாக இருந்தால் அந்தக் காவலும் போச்சு. கடலூர், விழுப்புரம் பக்கத்துக் கடைக்காரர்கள் அடிக்கடி சறுக்குவது புதுச்சேரி வாடிக்கையாளர் விஷயத்தில். பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம்தான் என்றாலும் அங்கே அனுப்பும் சரக்குக்கு ஐஜிஎஸ்டிதான். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பார்த்தாலே தெரியும்: தமிழ்நாடு 33, புதுச்சேரி 34, கேரளம் 32, கர்நாடகம் 29. வரி மாறிப் போய்விட்டால், சரியான வரியைக் கையிலிருந்து கட்டிவிட்டு, தவறாகக் கட்டியதற்கு ரீஃபண்ட் கேட்டு அலைய வேண்டும்.

பில்லில் லாரி வாடகை சேர்ப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சரக்கோடு சேர்த்து வாங்கும் வாடகைக்கும் சரக்கின் வரியே பொருந்தும். 300 ரூபாய் வாடகை என்றால் 54 ரூபாய் வரி சேர வேண்டும். அந்த வாடகை லெட்ஜரை உருவாக்கும்போதே அதன் தொகையை வரிக்குரிய மதிப்பில் சேர்க்கச் சொல்லும் அமைப்பை இயக்க வேண்டும். இயக்காவிட்டால் டேலி 2,400-க்கு மட்டும் வரி போட்டுவிட்டு வாடகையைக் கீழே வெறுமனே கூட்டிக்காட்டும். பில் பார்க்கச் சரியாகவே இருக்கும். வருடக் கடைசியில் ஆடிட்டர் கண்டுபிடிக்கும்போது அந்த வரியையும் 18% வட்டியையும் நீங்கள்தான் ஏற்க வேண்டும்.

வரி விகிதம் மாறும்போது ஐட்டத்தில் இருக்கும் பழைய விகிதத்தின் மேலேயே புதியதை எழுதிவிடாதீர்கள். எந்தத் தேதியிலிருந்து பொருந்தும் என்று டேலி கேட்கிறது; அதைக் கொடுங்கள். 2025 செப்டம்பர் 22-இல் 12%, 28% அடுக்குகள் பெரும்பாலான பொருட்களுக்கு நீங்கியபோது இந்த வசதி பெரிதும் கைகொடுத்தது. ஆகஸ்டில் பழைய வரியோடு விற்ற சரக்கு அக்டோபரில் திரும்பி வந்தால், அதற்கான கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் ஆவணம்) பழைய வரியில்தான் போக வேண்டும்.

கொள்முதல் பக்கம்தான் பணம் கசியும் இடம். டேலிக்கு 26,550 கொடுப்பதில் நியாயம் இருக்கிறது என்று சொல்வதும் இதை வைத்துத்தான். எஃப்9-இல் கொள்முதல் பதியும்போது சப்ளையர் பில் எண் என்ற கட்டம் வரும். பில்லில் அச்சடித்தபடியே அதை ஏற்ற வேண்டும். 045/26-27 என்பதைச் சோம்பலில் 45 என்று போட்டால், 2பி-யை டேலிக்குள் கொண்டுவந்து ஒப்பிடும்போது அந்தப் பில் பொருந்தாத பட்டியலில் விழும். தேதியும் அப்படித்தான்: சரக்கு வந்த தேதி வேறு, பில் தேதி வேறு, இரண்டுக்கும் தனித்தனி இடம் இருக்கிறது. ஒப்பிட்டு முடித்தால் கூட்டம் கூட்டமாகப் பிரித்துக் காட்டும்: இரண்டு பக்கமும் பொருந்தியவை, போர்ட்டலில் மட்டும் இருப்பவை, உங்கள் கணக்கில் மட்டும் இருப்பவை. கடைசிக் கூட்டத்தில் உள்ள சப்ளையர்களுக்கு அன்றைக்கே போன் போடுங்கள். அவர் தன் ஜிஎஸ்டிஆர்-1-இல் காட்டாத பில்லுக்கு உங்களுக்குக் கிரெடிட் கிடையாது. ஒரு நிதியாண்டின் கிரெடிட்டை அடுத்த நவம்பர் 30 வரைதான் எடுக்க முடியும். 180 நாளுக்குள் சப்ளையருக்குப் பணம் கொடுக்காவிட்டால் எடுத்த கிரெடிட்டையும் திருப்ப வேண்டும். டேலியின் பில்வாரி நிலுவைப் பட்டியலை நாள் கணக்கோடு பார்த்தால் அந்த எல்லையை நெருங்கும் பில் எது என்று தெரிந்துவிடும்.

லாரி சர்வீஸ் கன்சைன்மென்ட் நோட் என்ற சரக்குச் சீட்டோடு அனுப்பி, அவர்கள் வரி போடவில்லை என்றால், பதிவு பெற்ற நீங்கள் அவர்களுக்குப் பதில் ரிவர்ஸ் சார்ஜாக 5% கட்ட வேண்டும். அதைக் கிரெடிட்டில் கழிக்க முடியாது, போர்ட்டலில் உள்ள உங்கள் ரொக்க லெட்ஜரிலிருந்துதான் கட்ட வேண்டும். கட்டிய பிறகு கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம். சிறு கடைகளில் இது அடிக்கடி விட்டுப்போகிறது.

ரிட்டர்ன் அறிக்கையைத் திறந்ததும் தொகையைப் பார்க்காமல், சந்தேகப் பதிவுகள் எத்தனை என்று முதலில் பாருங்கள். எச்எஸ்என் இல்லாதது, மாநிலம் இல்லாதது, ஜிஎஸ்டி எண்ணில் ஒரு எழுத்து பிசகியது எல்லாம் அங்கே ஒதுங்கி நிற்கும், ரிட்டர்னில் சேராது. அந்த எண்ணிக்கை பூஜ்யமாகாமல் எதையும் ஏற்றாதீர்கள். ஜிஎஸ்டிஆர்-1-இல் போன தொகைதான் வரி கட்டும் ரிட்டர்னான 3பி-யில் தானாக வந்து உட்காரும். விட்டுப்போனதைச் சரிசெய்ய 3பி-க்கு முன்னால் ஜிஎஸ்டிஆர்-1ஏ என்று ஒரு வழி 2024-இலிருந்து இருக்கிறது.

5 கோடி வரை விற்றுமுதல் உள்ளவர் காலாண்டு முறையை எடுத்துக்கொள்ளலாம். தனியாளுக்கு அதுவே வசதி. கம்பெனியின் ஜிஎஸ்டி அமைப்பிலும் காலாண்டு என்று மாற்றிவிடுங்கள். காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 13-க்குள் ஜிஎஸ்டிஆர்-1, தமிழ்நாட்டுக்கு 22-க்குள் 3பி. காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கும் அடுத்த மாதம் 25-க்குள் சலானில் வரி கட்ட வேண்டும். முந்தைய காலாண்டில் ரொக்கமாகக் கட்டியதில் 35% கட்டினால் போதும். வாடிக்கையாளர்கள் கிரெடிட்டுக்காக மாதாமாதம் நச்சரித்தால் அந்த மாத பில்களை மட்டும் ஐஎஃப்எஃப் என்ற போர்ட்டல் வசதி வழியாக அடுத்த மாதம் 13-க்குள் ஏற்றலாம். தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய், விற்பனையே இல்லாத ரிட்டர்னுக்கு 20.

வருமான வரிக்கு டேலி செய்யும் பெரிய உதவி வசூலைப் பிரித்துக் காட்டுவது. உத்தேச வருமானத் திட்டத்தில் 2 கோடி வரை விற்பனை உள்ள வியாபாரி ரொக்க விற்பனைக்கு 8%, வங்கி வழி வந்ததற்கு 6% லாபம் காட்டலாம். 80 லட்சம் விற்பனை என்றால் 6.4 லட்சத்துக்கும் 4.8 லட்சத்துக்கும் உள்ள வித்தியாசம். அந்தப் பிரிவு சரியாக வர வேண்டுமானால் கடை க்யூஆர் கோடு கரன்ட் அக்கவுன்ட்டில் இருக்க வேண்டும். வீட்டுச் சேமிப்புக் கணக்கில் அல்ல. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைக் கடைக் கணக்கிலிருந்து கட்டினால் அது செலவு இல்லை. கேப்பிட்டல் குரூப்பின் கீழ் டிராயிங்ஸ் என்று லெட்ஜர் வைத்து அங்கே பதியுங்கள். இந்தத் திட்டத்தில் இருப்பவருக்கு முன்கூட்டிய வரி ஒரே தவணை, மார்ச் 15.

குறைகளுக்கு வருவோம். டேலி விண்டோஸில் மட்டுமே ஓடும். டேட்டா உங்கள் ஹார்ட் டிஸ்கில் கிடக்கும். அது போனால் கணக்கும் போகும். ஆல்ட்-ஒய் அழுத்தி தினமும் பேக்கப் எடுத்து பென்டிரைவில் ஒன்று, கூகுள் டிரைவில் ஒன்று வையுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பதால் இது விருப்பம் சார்ந்த விஷயமே இல்லை. கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்வதற்கு முன் உரிமத்தை சரண்டர் செய்ய மறக்காதீர்கள். கடைக்கு வெளியே நின்று போனிலேயே பில் போட வேண்டியவருக்கு டேலி உதவாது. அவருக்கு வியாபார் ஆப் பொருத்தம். மாதம் பத்துப் பதினைந்து இன்வாய்ஸ் அனுப்பும் டிசைனர், கன்சல்டன்ட் போன்றவர்களுக்கு ஜோஹோ நிறுவனத்தின் இலவச ஜோஹோ இன்வாய்ஸ் போதும். காம்போசிஷனில் 1% கட்டும் மளிகைக்கடைக்கு ஒரு பில் புத்தகமும் காலாண்டுக்கு ஒரு சிஎம்பி-08 படிவமும் ஆண்டுக்கு ஒரு ஜிஎஸ்டிஆர்-4-உம் போதும்.

இத்தனைக்கும் மேலே, எந்த ஊர் ஆடிட்டர் ஆபீஸிலும் டேலி டேட்டாவைத் திறந்து பார்க்க ஆள் இருப்பார் என்பது தனியாளுக்குப் பெரிய பலம். உடம்பு சரியில்லாமல் பத்து நாள் படுத்துவிட்டாலும் பேக்கப் ஃபைலைக் கொடுத்தால் ரிட்டர்ன் போய்விடும்.

வாங்கும் முன் காசு செலவில்லாமல் ஒரு சோதனை செய்து பாருங்கள். டேலியை இறக்கி எஜுகேஷன் மோடில் திறந்தால் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும் பதிவு செய்ய முடியும். அது போதும். ஏற்கெனவே ரிட்டர்ன் தாக்கல் செய்த மாதம் ஒன்றை எடுத்து, அதன் எல்லா விற்பனை, கொள்முதல் பில்களையும் 1ஆம் தேதியிட்டே ஏற்றுங்கள். பிறகு ஜிஎஸ்டிஆர்-1, 3பி அறிக்கைகளைத் திறந்து நீங்கள் தாக்கல் செய்ததோடு வைத்துப் பாருங்கள். தொகை ஒத்துவந்தால் உரிமம் வாங்குங்கள். வராவிட்டால் எந்தப் பில் இடிக்கிறது என்று தேடுங்கள். தப்பு டேலி பதிவில் இருக்கிறதா, தாக்கல் செய்த ரிட்டர்னில் இருக்கிறதா என்பது அப்போது தெரியும். ரிட்டர்னில் என்றால் அதைத் திருத்துவதே முதல் வேலை. அதற்கும் அடுத்த நவம்பர் 30 வரைதான் அவகாசம்.