ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு

"சிங்கப்பூர்லேர்ந்து வரும்போது சிம் லிம் ஸ்கொயர்ல ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிட்டு வாங்க மாமா" என்று அக்கா மகள் கேட்டிருந்தாள். சிம் லிம், அங்குள்ள எலக்ட்ரானிக்ஸ் கடை வளாகம்; கிராஃபிக்ஸ் கார்டு, கம்ப்யூட்டரில் திரைக்கான காட்சிகளை உருவாக்கும் பாகம். கட்டடக்கலை படிக்கிறாள். பகலில் கட்டட மாடல் வரையும் ரெவிட்டும் அதை நிஜம்போல் காட்டும் லுமியானும், இரவில் வாலரன்ட் கேம். சிங்கப்பூரில் வாங்கும் கார்டுக்குப் பெரும்பாலும் சென்னையில் வாரன்டி செல்லாது. அதனால் ஊருக்கு வந்ததும் அவளையும் கூட்டிக்கொண்டு சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். காரில் போகிறவர்களுக்கு என் அனுதாபங்கள்.

முதல் கடையில் கேட்டது ஒன்றே ஒன்று: பட்ஜெட் எவ்வளவு? முப்பதாயிரம் என்றதும் என்விடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு பெட்டி மேஜைக்கு வந்துவிட்டது. பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருவதாகச் சொன்னார்கள். ஜிஎஸ்டி 18 சதவீதம், ஆசை வரத்தான் செய்யும். ஆனால் பில் இல்லாவிட்டால் மூன்று வருட வாரன்டி வெறும் வாய்ப்பேச்சு. கிளம்பிவிட்டோம்.

அடுத்த சந்தில் ஒரு சின்னக் கடை. அங்கிருந்த இளைஞர் என்னை விட்டுவிட்டு அவளிடம் பேசினார். என்ன சாஃப்ட்வேர், மானிட்டர் எத்தனை ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை முறை படம் மாறும்), கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் எது? அவள் போனில் படம் வைத்திருந்தாள்: கேபினட்டோடு வந்த, பெயர் தெரியாத 450 வாட். உதட்டைப் பிதுக்கினார். "கார்டு அப்புறம் பாக்கலாம்மா, முதல்ல இத மாத்துங்க."

அதன்பிறகு பேச்சு சூடு பிடித்தது. இரண்டு கார்டுகள் போட்டியில் இருந்தன. 4060 இரண்டில் புதிது, வேகம் அதிகம், 115 வாட்டில் ஓடும். ஆனால் கார்டிலுள்ள மெமரி 8 ஜிபிதான். 2021இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060, 170 வாட் இழுக்கும், மெமரி 12 ஜிபி. கேம் மட்டும் என்றால் நானும் 4060 பக்கம்தான். ஆனால் லுமியானில் மரமும் புல்லும் கண்ணாடியும் நிறைந்த பெரிய காட்சியைத் திறந்தால் மெமரிதான் முதலில் மூச்சு முட்டும். அவளுடைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு வாலரன்ட் இரண்டில் எந்தக் கார்டிலும் தாராளமாக ஓடும். 12 ஜிபி உள்ள 3060 என்று முடிவானது.

பக்கத்தில் நின்ற ஒருவர், "டிசைன் வேலைக்கு ஏ2000 மாதிரி ப்ரொஃபெஷனல் கார்டுதான் சார் வாங்கணும்" என்றார். இயந்திரங்களை வடிவமைக்கும் சாலிட்வொர்க்ஸில், பல பாகங்கள் சேர்ந்த பெரிய அசெம்பிளிகளோடு மல்லுக்கட்டும் கம்பெனிக்குச் சரி. அந்த சாஃப்ட்வேருக்கென்று சான்றளிக்கப்பட்ட டிரைவருக்கு (கார்டை இயக்கும் மென்பொருளுக்கு) அங்கே மதிப்புண்டு. ரெவிட்டில் மாடல் வரைவது பெரும்பாலும் பிராசஸரின் வேலை. மாணவிக்கு கேமிங் கார்டில், டிசைன் சாஃப்ட்வேர்களுக்காக என்விடியா தரும் ஸ்டூடியோ டிரைவரைப் போட்டாலே போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது அப்புறம் நடந்ததுதான். கடை மெஷினில் கார்டைச் செருகி, கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் என்ற மென்பொருளைத் திறந்து திரையை எங்கள் பக்கம் திருப்பினார். பழைய சிப்பில் பயாஸை, அதாவது கார்டுக்குள் பதிந்த அடிப்படை மென்பொருளை, மாற்றி எழுதி, புது மாடல் பெயரில் விற்கும் போலிகளை அது காட்டிக்கொடுக்கும். கார்டுக்கு முழுச் சுமை கொடுத்துச் சோதிக்கும் ஃபர்மார்க்கைக் கால் மணி நேரம் ஓடவிட்டார். பெட்டி, கார்டு, பில் மூன்றிலும் சீரியல் நம்பர் ஒன்றுதானா என்று அவளையே வாசிக்கச் சொன்னார்.

பணம் கட்ட சிங்கப்பூர் வங்கிக் கார்டைத் தேய்த்தால் இரண்டு சதவீதம் கூடுதல் என்றார்கள். என்ஆர்ஓ கணக்கை (வெளிநாட்டில் வாழும் இந்தியர் இங்கே வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) சிங்கப்பூர் போன் நம்பரிலேயே யுபிஐயில் இணைத்திருந்ததால் அதில் கட்டினேன். போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.