ஈ-கேதரினா, என்-கேதரினா: மெலனோமா செல் யார் கையைப் பிடிக்கிறது?

தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் என்ற செல் (இது புற்றுநோயாக மாறினால் அதுதான் மெலனோமா), மேல்தோலின் அடி வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. கிளைபோல நீளும் கைகளால் மேல்தோலில் நிறைந்திருக்கும் கெரட்டினோசைட் செல்களில் சுமார் 36-ஐத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்தப் பிடிப்பில் முக்கியப் பங்கு, செல்களை ஒட்டவைக்கும் ஈ-கேதரின் என்ற புரதத்துக்கு. ஒரு செல்லின் ஈ-கேதரின் பக்கத்துச் செல்லின் ஈ-கேதரினோடு கோத்துக்கொள்ளும். கால்சியம் இல்லாவிட்டால் பிடி நழுவிவிடும். வெறும் பசை என்று நினைத்துவிடக் கூடாது. இந்தத் தொடுதல் வழியாகத்தான் கெரட்டினோசைட்டுகள் மெலனோசைட்டின் பெருக்கத்தை அடக்கி வைக்கின்றன. ஒருவகையில் பக்கத்து வீட்டுக் கண்காணிப்பு!

என்-கேதரினும் அதே குடும்பம்தான், அமைப்பும் ஏறக்குறைய அதேதான். ஆனால் சகவாசம் வேறு. உள்தோலின் இணைப்புத் திசுவை உருவாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களிடமும் ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களிடமும் அது இருக்கிறது. மெலனோமாவில் பல நேரம் ஸ்நெயில் போன்ற புரதங்கள் ஈ-கேதரின் மரபணுவை அமுக்கிவிட, என்-கேதரின் தலைதூக்குகிறது. அப்புறம் என்ன, பழைய அண்டைவீட்டாரை விட்டுவிட்டுச் செல் கீழே இறங்குகிறது. ரத்தக்குழாய்ச் சுவரைத் தாண்டவும் வழி கிடைக்கிறது. போதாததற்கு, சாகாமல் தாக்குப்பிடிக்கும் சமிக்ஞையும் என்-கேதரின் வழியாக வருகிறது.

சரி, ஒன்று நல்லவன், இன்னொன்று வில்லன் என்று பிரித்துவிடலாமா? முடியாது. பரவிய கட்டிகள் சிலவற்றில் ஈ-கேதரின் மீண்டும் தென்படுகிறது. இதயத் தசைச் செல்களை ஒன்றோடொன்று பிணைத்து வைப்பதும் என்-கேதரின்தான். அதை மருந்தால் முடக்குவது யோசித்துச் செய்ய வேண்டிய வேலை.