நர்சிங் ஹோம் தேட மெடிகேரின் ‘கேர் கம்பேர்’: எவ்வளவு நம்பலாம்?

அமெரிக்காவில் பெற்றோரை நர்சிங் ஹோமில் (முதியோரை நாள் முழுதும் கவனித்துக்கொள்ளும் பராமரிப்பு இல்லத்தில்) சேர்க்கும் முடிவு பெரும்பாலும் அவசரத்தில்தான் எடுக்கப்படுகிறது. இடுப்பெலும்பு முறிவோ பக்கவாதமோ வந்து மருத்துவமனையில் சில நாள் இருந்தபின், வெளியே அனுப்பும் ஏற்பாட்டைக் கவனிக்கும் டிஸ்சார்ஜ் பிளானர் இல்லங்களின் பட்டியல் ஒன்றைக் கொடுத்து நாளைக்குள் பதில் கேட்பார். அன்றிரவு குடும்பங்கள் திறந்து பார்ப்பது, மூத்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் கேர் கம்பேர் தளத்தைத்தான். இலவசம், ஏறக்குறைய 15,000 இல்லங்களின் விவரம் உண்டு. நல்ல கருவி. ஆனால் முதலில் கண்ணில் படும், ஒன்று முதல் ஐந்து வரை போடும் மொத்த நட்சத்திரம்தான் அதில் ஆகக் குறைவாகப் பயன்படுவது.

2008 இறுதியில் தொடங்கிய இந்த மதிப்பீட்டில் மூன்று பகுதிகள்: அரசு ஆய்வு, பணியாளர், தர அளவுகள் (விழுதல் போன்றவை எத்தனை பேருக்கு நேர்ந்தன என்ற எண்கள்). மொத்த நட்சத்திரத்தின் கணக்கு, அரசு ஆய்வில் வாங்கிய நட்சத்திரத்தில் தொடங்கும். பணியாளரில் ஐந்து வாங்கினால் ஒன்று கூடும், தர அளவுகளில் ஐந்து வாங்கினால் இன்னொன்று. அதாவது ஆய்வில் மூன்றே வாங்கிய இல்லமும் ஐந்து நட்சத்திரத்தோடு நிற்க முடியும். ஆய்வு நட்சத்திரமும் மாநிலத்துக்குள் ஒப்பிட்டுப் போடுவதுதான்: முதல் 10 சதவீதத்துக்கு ஐந்து, கடைசி 20 சதவீதத்துக்கு ஒன்று. நியூஜெர்சியின் நான்கும் டெக்சாஸின் நான்கும் ஒன்றல்ல.

தர அளவுகளைத்தான் மிகவும் சந்தேகத்தோடு படிக்க வேண்டும். அவற்றில் பல, இல்லமே நிரப்பி அனுப்பும் படிவத்திலிருந்து வருபவை. விழுந்து பலத்த காயம்பட்டு மருத்துவமனைக்குப் போனவர்களின் பில்களோடு இந்தப் படிவங்களை ஒப்பிட்ட ஒரு சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு (2020), அப்படிப்பட்ட விழுதல்களில் 60 சதவீதத்துக்கும் குறைவாகவே பதிவாகியிருந்தன என்று காட்டியது. ‘விழுந்தவர்கள் மிகக் குறைவு’ என்றால், உண்மையிலேயே யாரும் விழவில்லையா, எழுதாமல் விட்டார்களா என்பது அந்த எண்ணில் தெரியாது.

பணியாளர் பகுதி அப்படியல்ல. சம்பளப் பதிவிலிருந்து காலாண்டுக்கு ஒருமுறை எடுப்பதால் நம்பகம் அதிகம். அதிலும் நட்சத்திரத்தை விட்டுவிட்டு வார இறுதி எண்ணைப் பாருங்கள். மொத்த சராசரி ஒருவருக்கு நாளொன்றுக்கு 3.6 மணி, வார இறுதியில் 3.1 மணி என்று வைத்துக்கொள்வோம். 100 பேர் இருக்கும் இடத்தில் அது 50 மணி நேர வேலை. எட்டு மணி ஷிஃப்ட் கணக்கில் ஒரு நாளுக்கு ஆறு ஆள் குறைவு. படுக்கையில் இருப்பவரைப் புரட்டிப் படுக்க வைப்பது, ஊட்டிவிடுவது, கழிவறைக்குக் கூட்டிப்போவது எல்லாம் அந்த ஆறு பேரின் கையில்தான் இருக்கிறது. சனி ஞாயிறில் மணி அடித்தும் ஆள் வராமல் தானே எழுந்து விழுவது இப்படித்தான். பணியாளர் எவ்வளவு வேகமாக மாறுகிறார்கள் என்ற சதவீதமும் அதே பக்கத்தில் இருக்கும், அதையும் விடாதீர்கள்.

அடுத்து ஆய்வு அறிக்கையை முழுதாகத் திறந்து படியுங்கள். குறைகளுக்கு எண் உண்டு: எஃப்686 படுக்கைப்புண், எஃப்689 விபத்து, எஃப்880 தொற்றுக் கட்டுப்பாடு, எஃப்600 கொடுமை. தீவிரத்தை ‘ஏ’ முதல் ‘எல்’ வரை எழுத்தால் குறிப்பார்கள். ‘டி’, ‘இ’ எங்கும் காணப்படுபவை. ‘ஜி’ என்றால் யாரோ ஒருவருக்கு உண்மையில் தீங்கு நேர்ந்திருக்கிறது. ‘ஜே’ முதல் ‘எல்’ வரை உயிருக்கு ஆபத்தான நிலை. எத்தனை குறை என்று எண்ணுவதைவிட, ஒரே எண் அடுத்தடுத்த ஆண்டுகளில் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். வந்தால் இல்லம் எழுதிக்கொடுத்த திருத்தத் திட்டம் காகிதத்தோடு நின்றுவிட்டது. பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு வட்டத்தில் கை இருந்தால் அது கொடுமைக்கான எச்சரிக்கை. 2019 முதல் போடுகிறார்கள்.

இந்தத் தளம் காட்டாதது ஒன்று நம்மவர்களுக்கு முக்கியம். படுக்கைப்புண்ணின் முதல் அடையாளம் அழுத்தினாலும் மறையாத சிவப்பு என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். கறுத்த தோலில் அந்தச் சிவப்பு தெரியாமலே போகலாம். வால் எலும்பு, குதிகால், இடுப்புப் பக்கம் மூன்றிலும் தொட்டுப் பார்க்க வேண்டும்: சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழப்பாகவோ, வலியோடோ இருந்தால் அன்றே நர்ஸிடம் காட்டி, தோல் பரிசோதனைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

சேர்ப்பதற்கு முன் ஒரு ஞாயிறு மாலை நேரில் போய்ப் பாருங்கள். அன்றைய நர்ஸ் எண்ணிக்கையை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். கடைசி ஆய்வு அறிக்கையும் கேட்காமலே எடுத்துப் படிக்கக் கிடைக்க வேண்டும். இரண்டும் சட்டம். சாப்பாட்டு நேரத்தில் ஊட்டிவிடுபவர் உட்கார்ந்து ஊட்டுகிறாரா, நின்றபடி அவசரமாகத் திணிக்கிறாரா என்பதும் நிறையச் சொல்லும்.

சேர்த்த 48 மணி நேரத்துக்குள் முதல் பராமரிப்புத் திட்டம் தயாராக வேண்டும். அதன் சுருக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். சைவம், மொழிபெயர்ப்பாளர் தேவை, விழுங்கும் சிரமம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். ‘கெட்டியாக்கிய பானம் மட்டும்’ என்று இருந்தால் வீட்டிலிருந்து தெளிவு ரசமோ மோரோ கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். புரையேறி நுரையீரலுக்குள் போய்விடலாம். விழுங்கும் சிரமத்தையும் கவனிக்கும் ஸ்பீச் தெரபிஸ்டிடம் கேட்டு, எந்த அளவுக்குக் கெட்டியாக்க வேண்டுமோ அப்படிச் செய்தபின் கொடுங்கள்.