மோக்கா பாட்: அலுமினியமா, ஸ்டீலா?

அடுப்பில் வைத்துக் காபி இறக்கும் பாத்திரமான மோக்கா பாட்டை அலுமினியத்தில் வாங்குவதா, ஸ்டீலில் வாங்குவதா? ருசியை வைத்து இந்தக் கேள்விக்கு விடை தேடுவது வீண். தூள், தண்ணீர், தீ மூன்றையும் சரியாகக் கையாண்டால் இரண்டிலும் நல்ல காபி இறங்கும். வித்தியாசம் தெரிவது அடுப்பிலும் கழுவும் தொட்டியிலும்தான்.

வேலை செய்யும் விதம் ஒன்றே. இத்தாலியில் 1933-இல் அல்ஃபோன்சோ பியலெட்டியின் பெயரோடு வந்த எட்டுப் பட்டைப் பாத்திரம் அலுமினியம். ஸ்டீல் பின்னால் வந்தது. அடிப்பாத்திரம் சூடானதும் தண்ணீருக்கு மேலே அடைபட்ட காற்றும் ஆவியும் விரிந்து, தண்ணீரை நடுவில் தூள் நிரப்பிய புனல் வழியாக மேல் பாகத்துக்கு ஏற்றுகின்றன. அழுத்தம் 1 முதல் 2 பார் வரைதான். எஸ்பிரெஸோ இயந்திரத்தில் அது 9 பார். அதனால் கெட்டியான நுரையை இரண்டிலுமே எதிர்பார்க்க வேண்டாம்.

கேஸ் அடுப்பு என்றால் என் ஓட்டு அலுமினியத்துக்கு. ஸ்டீலைவிட அது ஐந்து மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். சூடு ஒரே சீராகப் பரவும்; தீயைக் குறைத்தால் உடனே அடங்கும். ஸ்டீலில் தண்ணீர் தாமதமாகச் சூடாகும், அதுவரை மேலே உள்ள தூளும் வெறுமனே சூடேறிக்கொண்டிருக்கும். கசப்பு அங்கேதான் தொடங்குகிறது. ஸ்டீல் வைத்திருப்பவர்கள் கொதித்த தண்ணீரை ஊற்றி ஆரம்பித்தால் இந்தக் குறை பெருமளவு தீரும். அடிப்பாத்திரத்தைத் துணியால் பிடித்துக்கொண்டு மேல் பாகத்தைத் திருகுங்கள். கைப்பிடியைப் பிடித்துத் திருகினால் அது நாளடைவில் ஆட்டம் காணும்.

தண்ணீர், அடிப்பாத்திரத்தின் பக்கவாட்டில் உள்ள சேஃப்டி வால்வுக்கு (அழுத்தம் மிஞ்சினால் ஆவியை வெளியே விடும் திறப்பு) சற்றுக் கீழே நிற்க வேண்டும். மூன்று கப் பாத்திரத்துக்குச் சுமார் 150 மில்லி தண்ணீர், 15 முதல் 17 கிராம் தூள். எஸ்பிரெஸோ தூளைவிடக் கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்து, புனலில் நிரப்பி, விரலால் மட்டம் தட்டினால் போதும், அழுத்தக் கூடாது. ஆறு கப் பாத்திரத்தில் மூன்று கப்புக்குப் போட்டால் இரண்டு வகையிலும் காபி நீர்த்துப்போகும்.

தீ பாத்திரத்தின் அடியைத் தாண்டி வெளியே வரக் கூடாது. தாண்டினால் பிளாஸ்டிக் கைப்பிடி கருகும், ஸ்டீல் கைப்பிடி கையைச் சுடும். மூடியைத் திறந்து வைத்துப் பாருங்கள்: நடுக்குழாயிலிருந்து முதலில் கருஞ்சிவப்பாக, நிதானமாகக் கசியும். நிறம் தேன்போல வெளிறி, குழாய் புஸ்ஸென்று சீறத் தொடங்கினால், தண்ணீர் மட்டம் புனலின் நுனிக்குக் கீழே போய் ஆவி ஏறுகிறது என்று பொருள். அந்த நொடியே இறக்கி, அடிப்பாகத்தைக் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். அடியில் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சுவது இயல்பு.

இண்டக்‌ஷன் அடுப்பில் அலுமினியம் சூடாகாது. இடையில் இரும்புத் தட்டு வைத்தால் வேலை நடக்கும், ஆனால் நேரம் பிடிக்கும், சூட்டைக் குறைக்கும் பலனும் உடனே தெரியாது. இங்கே ஸ்டீல்தான். ஸ்டீல் என்றாலே போதும் என்று நம்பிவிடாமல், அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டினாலும், அடி மிகச் சிறியதாக இருந்தால் சில அடுப்புகள் பாத்திரம் இருப்பதையே உணராது.

கழுவுவதில் ஸ்டீல் பொறுமைசாலி. சோப்பு, ஊறல் எதையும் தாங்கும். அலுமினியத்தின் மேல் காக்கும் மெல்லிய ஆக்ஸைடு படலம் காரத்திலும் கடும் அமிலத்திலும் கரைந்துவிடும். டிஷ்வாஷரில் போட்டால் கறுத்து, தொட்டால் கையில் சாம்பல் நிறக் கறை ஒட்டும். சமையல் சோடாவில் ஊற வைத்தாலும் அதே கதி. ஈரத்தோடு திருகி மூடி வைத்தால் வெள்ளைப் புள்ளியும் குழியும் விழும். கம்பி நார் வேண்டாம்; வெந்நீர், மென்மையான பஞ்சு, தேவைப்பட்டால் ஒரு துளி சோப்பு, பிறகு துணியால் துடைத்துப் பாகங்களைப் பிரித்தே காய விடுவது, இவ்வளவுதான் அதற்கு வேண்டியது. பழைய காபிக் கறை ருசி கூட்டும் என்பார்கள். ஏற்க முடியாது: அது சிக்கு வாடை அடிக்கும் பழைய எண்ணெய். உப்புப் படிவுக்குச் சிட்ரிக் அமிலக் கரைசல். ஸ்டீலில் தாராளமாக ஊறலாம்; அலுமினியத்தில் நீர்த்த கரைசலைச் சில நிமிடம் மட்டும் வைத்து, நன்றாக அலசுங்கள்.

கேஸ்கெட், அதாவது இரு பாகங்களும் சேரும் இடத்தில் உள்ள ரப்பர் வளையம்: இந்த விஷயத்தில் இரண்டுக்கும் பாகுபாடு இல்லை. இணைப்பில் ஆவியோ தண்ணீரோ கசிந்தால் இன்னும் இறுக்கித் திருகாதீர்கள். முதலில் புனலின் விளிம்பில் தூள் ஒட்டியிருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். அப்படியும் கசிந்தால், ரப்பர் விறைத்துப்போயிருக்கும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாது. மாற்றும்போது அதே கப் அளவுக்கும் அதே உலோகத்துக்கும் உரியதையே வாங்குங்கள். ஒரே மூன்று கப் என்றாலும் அலுமினியத்தின் வளையம் ஸ்டீலுக்குப் பொருந்தாமல் போகலாம்.