ஒரே திராட்சை, வேறு வேறு மண்: அடிலெய்டு தேசிய ஒயின் மையத்தில் ஒரு பிற்பகல்

ஆஸ்திரேலிய ஒயினைப் பற்றி அறிய விரும்புபவர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்து, அங்குள்ள நான்கைந்து ஒயின் தோட்டங்களை ஒரே நாளில் சுற்றிவிட்டுத் திரும்புகிறார்கள். நானும் மூன்று முறை அப்படித்தான் சென்று வந்தேன். தோட்டங்கள் அழகாக இருந்தன, உபசரிப்பிலும் குறைவில்லை. ஆனால் ஒரு வட்டாரத்தின் ஒயினை இன்னொரு வட்டாரத்தின் ஒயினிலிருந்து பிரித்தறியும் தெளிவு மட்டும் எனக்கு வாய்க்கவில்லை. ஒரே ஊரில் விளைந்ததையே நாள் முழுவதும் சுவைத்தால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்காது என்பது, அடிலெய்டு நகரத்திலேயே இருக்கும் தேசிய ஒயின் மையத்தில் ஒரு பிற்பகலைக் கழித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

தாவரவியல் பூங்காவை ஒட்டி, ஒயின் பீப்பாயை நினைவூட்டும் வளைவோடு நிற்கும் இந்தக் கட்டடம் 2001இல் திறக்கப்பட்டது. முன்புறத்திலேயே திராட்சைக் கொடிகளை வரிசையாக நட்டிருக்கிறார்கள். நகர டிராமில் வந்து பூங்கா நிறுத்தத்தில் இறங்கினால் நடந்தே சென்றுவிடலாம் என்பதை ஒரு பெரிய வசதியாகவே சொல்வேன்; ஏனென்றால் இந்நாட்டில் வாகனம் ஓட்டுபவரின் இரத்தத்தில் மதுவின் அளவு 0.05 சதவீதத்தை எட்டக்கூடாது, சுவைக்க வருபவர் சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவதுதான் முறை.

சுவைக் கூடத்தில் ஏறக்குறைய 120 ஒயின்கள் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வரிசையாக நிற்கின்றன. நம் கையில் ஓர் அட்டையைக் கொடுத்துவிடுகிறார்கள். அதை இயந்திரத்தில் செருகி, வேண்டிய அளவுக்கான பொத்தானை அழுத்தினால், ஒரு வாய் அளவு முதல் முழுக் கோப்பை வரை ஊற்றித் தருகிறது. ஊற்றியதற்கு மட்டும் கணக்கில் ஏறுகிறது. திறந்த புட்டியில் காற்று படாதபடி மந்த வாயு நிரப்பிக் காப்பதால் ஒயின் கெடுவதில்லை. முழுப் புட்டியாக வாங்க மனம் வராத விலையுள்ள ஒயினையும் ஒரு வாய் சுவைத்துப் பார்க்கலாம் என்பதை விட, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் விளைந்த இரண்டு ஒயின்களை இரண்டு கோப்பைகளில் அருகருகே வைத்து முகர முடிகிறது என்பதே இந்த ஏற்பாட்டின் உண்மையான பயன்.

நான் ரீஸ்லிங்கில் தொடங்கினேன். அடிலெய்டுக்கு வடக்கே உள்ள கிளேர் பள்ளத்தாக்கிலிருந்து ஒன்று, ஒயினுக்குப் பெயர்போன பரோசா வட்டாரத்துக்குக் கிழக்கே சற்று உயரத்தில் இருக்கும் ஈடன் பள்ளத்தாக்கிலிருந்து ஒன்று. இரண்டுமே இனிப்பில்லாத வெள்ளை ஒயின்கள், இரண்டிலும் ஓக் மரப் பீப்பாயின் வாசனை இல்லை. கிளேர் ஒயின் எலுமிச்சம் பழத்தைக் கையில் பிழிந்தது போல நேரடியாக இருந்தது. ஈடன் ஒயினிலோ எலுமிச்சையோடு ஏதோ ஒரு வெண்பூவின் மணமும் மெல்லிதாகச் சேர்ந்திருந்தது. இவற்றுக்குப் பக்கத்திலேயே பத்து ஆண்டுகளுக்கு மேல் கிடப்பில் இருந்த ஒரு கிளேர் ரீஸ்லிங்கும் இருந்தது. அதை முகர்ந்தவுடன் எனக்கு நினைவுக்கு வந்தது மண்ணெண்ணெய் அடுப்பு. இது பழுது அன்று. டிடிஎன் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு சேர்மம் ரீஸ்லிங் முதிரும்போது புட்டிக்குள்ளேயே உருவாகிறது. வெயில் மிகுந்த இடத்துப் பழத்தில் அது கூடுதலாக இருக்கும். எலுமிச்சையும் வறுத்த ரொட்டியும் கலந்த மணத்துக்கு அடியில் அது இழையோடும்போது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது; மேலோங்கிவிட்டால் பிடிப்பதில்லை. புட்டிகளில் தக்கைக்குப் பதிலாகத் திருகு மூடி இருப்பதைப் பார்த்து மலிவான சரக்கு என்று எண்ண வேண்டாம். தக்கையால் ஒயினில் ஈர அட்டைப்பெட்டி நாற்றம் ஏறுவதைச் சகிக்க முடியாமல், 2000ஆம் ஆண்டு அறுவடையின் ரீஸ்லிங்கைக் கிளேர் தயாரிப்பாளர்கள் பலர் சேர்ந்து திருகு மூடியிட்டு விற்கத் தொடங்கினார்கள். இன்று இந்நாடு முழுவதும் அதுவே வழக்கம்.

இந்த மையத்தில் நான் அதிக நேரம் நின்றது ஷிராஸ் என்னும் சிவப்பு ஒயின் வரிசையின் முன்னால். பரோசா ஷிராஸ் கருமையும் கனமும் கொண்டது. பழுத்த நாவற்பழம், கொஞ்சம் சாக்லேட், ஓக் பீப்பாயின் இனிப்பு என்று வாயை நிறைக்கிறது. அங்கே 1840களில் நட்ட கொடிகள் சில இன்னும் காய்க்கின்றன. ஃபிலாக்சரா என்னும் வேர்ப்பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களையும் அண்டை மாநிலமான விக்டோரியாவின் தோட்டங்களையும் அழித்தபோது, கடுமையான தடைச் சட்டங்களால் அடிலெய்டு இருக்கும் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் அதைத் தன் எல்லைக்குள் வரவிடவில்லை. உலகின் மிகப் பழைய ஷிராஸ் கொடிகள் பரோசாவில் நிற்பதற்கு இதுதான் காரணம்.

அதன் அருகில் மேற்கு விக்டோரியாவின் கிராம்பியன்ஸ் வட்டார ஷிராஸை வைத்து முகர்ந்தபோது, அதே திராட்சைதானா என்று விவரச் சீட்டை மறுபடியும் படித்தேன். புட்டியைத் திறந்து இடித்த மிளகைத் தூவியது போன்ற மணம். வெறும் ஒப்புமைக்காக இதைச் சொல்லவில்லை. அடிலெய்டில் இயங்கும் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் ஷிராஸின் மிளகு மணத்துக்குக் காரணம் ரோட்டண்டோன் என்னும் சேர்மம் என்று கண்டறிந்து 2008இல் வெளியிட்டார்கள்; நம் வீட்டு மிளகின் மணத்துக்கும் அதே சேர்மமே காரணம். குளிர்ச்சியான இடங்களில் மெல்லப் பழுக்கும் பழத்தில் அது கூடுதலாகச் சேர்கிறது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவரால் அதை முகர்ந்தறியவே முடியாது என்பதும் அந்த ஆய்வில் தெரியவந்தது. என்னுடன் வந்த நண்பர் மூன்று முறை முகர்ந்தும் தமக்கு மிளகு தெரியவில்லை என்றார். இருவரும் ஒரே கோப்பையைத்தான் மாற்றி மாற்றிப் பிடித்திருந்தோம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒயின் குறிப்புகளில் வரும் ஐரோப்பியக் காட்டுப் பழங்களின் பெயர்கள் நம்மில் பலருக்கு எந்த மணத்தையும் நினைவூட்டுவதில்லை. அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையும் இல்லை. சிவப்பு ஒயின் ஈறுகளையும் நாக்கையும் இறுக்கிப் பிடிக்கும் உணர்வை விளக்க ஆங்கிலத்தில் பத்தி பத்தியாக எழுதுகிறார்கள். நம்மிடம் அறுசுவையில் ஒன்றாகவே துவர்ப்பு இருக்கிறது. பாக்கும் வாழைப்பூவும் தெரிந்த நாக்கு, காபர்நே சாவிஞானின் துவர்ப்பு முதிர்ந்ததா, பச்சையாக இருக்கிறதா என்பதை முதல் வாயிலேயே சொல்லிவிடும்.

அந்தக் காபர்நேவுக்குப் பெயர்பெற்றது மாநிலத்தின் தென்கிழக்குக் கோடியில் உள்ள குனாவாரா. சுண்ணாம்புப் பாறையின் மேல் மெல்லிய படலமாகச் செம்மண் படிந்த குறுகிய நிலப்பட்டை அது. அங்கிருந்து வந்த ஒயினில் கரும்பழங்களின் மணத்தோடு நீலகிரித் தைலத்தின் வாசனையும் தெளிவாக இருந்தது. தோட்டத்தின் ஓரத்தில் நிற்கும் யூகலிப்டஸ் மரங்களின் எண்ணெய் காற்றில் வந்து பழத்தோலில் படிவதாலும், அறுவடையில் அம்மரத்தின் இலைகள் கலந்துவிடுவதாலும் இது நேர்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. உதகையில் நாம் பார்க்கும் அந்த மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததுதான் என்பதால், கோப்பையில் ஊர் வாசனை வந்ததில் வியப்பில்லை. நாட்டின் மேற்குக் கோடியில் உள்ள மார்கரெட் ரிவர் வட்டாரத்தின் காபர்நே இன்னும் மென்மையானது. அங்கே ஒயின் திராட்சை நன்றாக விளையும் என்று ஜான் கிளாட்ஸ்டன்ஸ் என்ற வேளாண் அறிவியலாளர் 1965இல் எழுதிய பிறகே அப்பகுதியில் தோட்டங்கள் பெருகின. விக்டோரியாவின் யாரா பள்ளத்தாக்கில் விளைந்த பினோ நுவார் என்னும் சிவப்பு ஒயினையும் டாஸ்மேனியாவின் நுரை ஒயினையும் ஒவ்வொரு வாய் மட்டும் சுவைத்தேன். இரண்டுமே நன்றாக இருந்தன.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து ஹண்டர் பள்ளத்தாக்கின் செமிலான் என்னும் வெள்ளை ஒயினுக்குப் பொறுமை வேண்டும். அறுவடைக் காலத்தில் மழை வந்துவிடும் என்பதால் பழத்தை முன்கூட்டியே பறிக்கிறார்கள். அதனால் மது 10 அல்லது 11 சதவீதம்தான், இளமையில் வெறும் புளிப்பாகத் தெரியும். அதே ஒயின் பத்தாண்டு முதிர்ந்தால், ஓக் பீப்பாயைத் தொடாமலேயே தேனும் வறுத்த ரொட்டியுமாக மாறிவிடுகிறது. இளையதையும் முதிர்ந்ததையும் சேர்த்து வாங்காவிட்டால் இதன் சிறப்பு விளங்காது.

வட்டாரங்களைக் கற்க விரும்புபவர் புட்டியின் சீட்டைக் கவனிக்க வேண்டும். ஒரு வட்டாரத்தின் பெயரை அச்சிட, ஒயினில் குறைந்தது 85 சதவீதம் அங்கே விளைந்த பழத்தினுடையதாக இருக்க வேண்டும் என்பது சட்டம். "தென்கிழக்கு ஆஸ்திரேலியா" என்று மட்டும் இருந்தால், பல மாநிலங்களை அடக்கிய பரந்த நிலப்பகுதி என்று பொருள். கலப்பது தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தில் மாக்ஸ் ஷூபர்ட் 1951இல் தொடங்கிய, நாட்டின் புகழ்பெற்ற சிவப்பு ஒயினான கிரேஞ்சே பல வட்டாரங்களின் பழத்தைச் சேர்த்துச் செய்யப்படுவதுதான். ஆனால் மண்ணின் குணத்தைத் தேடுபவருக்கு அத்தகைய புட்டிகள் ஆசிரியராக உதவாது.

செல்பவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். மல்லிகைச் சரம், சந்தனம், அத்தர் எதுவும் அன்று வேண்டாம். பக்கத்தில் நிற்பவரின் கோப்பை வரை அந்த மணம் எட்டும். சுவைத்ததைத் துப்புவதற்கு வைத்திருக்கும் கலத்தைக் கூச்சமின்றிப் பயன்படுத்துங்கள். ஆறாவது ஒயினுக்குப் பிறகும் நாக்கு தெளிவாக இருக்க வேறு வழியில்லை. ஒயினின் வெப்பநிலையும் முக்கியம். முன்பு ஒரு தோட்டத்தில், கடும் கோடை நாளில் வெளியே மேசைமேல் வைத்திருந்த சிவப்பு ஒயினை ஊற்றித் தந்தார்கள். மதுவின் எரிச்சலைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. பதினேழு, பதினெட்டு பாகையில் இருந்திருந்தால் அதே ஒயின் வேறாகப் பேசியிருக்கும்.

கடைசியாக வடகிழக்கு விக்டோரியாவின் ரதர்கிளென் மஸ்கட் என்னும் இனிப்பு ஒயின். கொடியிலேயே சுருங்கும்வரை விட்ட பழத்தின் சாற்றில் மதுச்சாரம் சேர்த்து, பழைய பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் வைத்து, இளையதோடு முதியதைக் கலந்து செய்வது. ரதர்கிளென், கிளாசிக், கிராண்ட், ரேர் என்று நான்கு படிகள். நான் எடுத்தது கிராண்ட். கோப்பைச் சுவரில் பாகு போல மெல்ல இறங்கியது. உலர்திராட்சை, பேரீச்சை, அதன் பின்னால் காய்ச்சிய கருப்பட்டி. தித்திப்பு திகட்டாதபடி அடியில் ஒரு புளிப்பு தாங்கிப் பிடித்தது. குடித்து முடித்து அரை மணி நேரம் கழித்து, எழுவதற்கு முன் வெறும் கோப்பையை எடுத்து முகர்ந்தேன். கருப்பட்டி மணம் அப்போதும் இருந்தது.