இரண்டு நாய், ஒரு கேற்: ஐந்து வருட அனுபவம்

போன சனிக்கிழமை வெல்டிங் கடைக்காரர் வந்து எங்கள் உள் கேற்றின் கீழ்ப் பிணைச்சலை மாற்றிவிட்டுப் போனார். 6,500 ரூபா. கழற்றிய பழைய பிணைச்சலை என் கையில் தந்தார். விரலால் அழுத்தியதும் துருப்பொடியாக உதிர்ந்தது. கடலுக்கு இவ்வளவு கிட்ட இருந்தால் இரும்புக்கு அதுதான் கதி. அதற்கு முந்திய நான்கு நாள், அந்தக் கேற் இல்லாமல் இரண்டு நாய்களை வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதே கிழமையில் அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் தங்கச்சி ஒருத்தி கேட்டாள்: "அக்கா, எங்கட நாய் பகல் முழுக்கத் தனியக் கிடந்து கத்துதாம். துணைக்கு இன்னொண்டு எடுத்தா சரிவருமா?" மத்தியானச் சோறு சாப்பிடும் நேரத்துக்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் நிலைமை இதுதான். ஆரையம்பதியில் மணல் வளவு, சுற்றிவர மதில். கணவர் ஏழு மணிக்குக் கல்முனைக்குப் புறப்படுவார். நான் ஏழே முக்காலுக்கு மட்டக்களப்பு டவுனுக்கு. எட்டரைக்குள் கைரேகை வைக்கவேண்டும். நாலேகாலுக்கு வேலை முடிந்தாலும் கல்லடிப் பாலம், காத்தான்குடி நெரிசல் எல்லாம் தாண்டி வீடு வர ஐந்து மணி. பகலில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வீட்டில் மனிதர் யாரும் இல்லை. நாய் வளர்க்கிறவர்களுக்குத் தெரிந்த மற்றதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

டைகர் 2018இல் வந்தவன். தனியாக இருக்கப் பழகியவன்தான். 2020 மார்ச் 20ஆம் தேதி ஊரடங்கு போட்டார்கள். பிறகு சில மாதம் நாங்கள் இரண்டு பேரும் பகலிலும் அவனோடு இருந்தோம். அலுவலகம் திரும்பத் திறந்த கிழமையிலேயே ஊளையிடத் தொடங்கினான். பக்கத்து வளவுப் பெரியம்மா மதிலுக்கு மேலால் கூப்பிட்டுச் சொன்னார்: "மகள், நீங்க போனதில இருந்து ஊளையிடுது. நோயாளிய வீட்டில வச்சிருக்கிற எங்களுக்கு நெஞ்சு பதறுது." பெரியய்யா அப்போது படுத்த படுக்கை. நாய் ஊளையிட்டால் நம் ஊரில் என்ன நினைப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். பெரியம்மா கோபிக்காமல் சொன்னதுதான் எனக்குக் கூடக் கஷ்டமாக இருந்தது.

துணை இருந்தால் அடங்குவான் என்று நினைத்தோம். பாண்டிருப்பில் கணவரின் சிநேகிதர் வீட்டிலிருந்து இரண்டு மாதக் குட்டி ஒன்றைக் கொண்டுவந்தோம். செம்மண் நிறம், அதனால் சிவலை.

தங்கச்சி கேட்ட கேள்விக்கு நேர்ப் பதில் இங்கேதான் இருக்கிறது. அவன் அடங்கவில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது இன்னொரு நாய் இல்லை, நாங்கள். இரண்டாம் கிழமை பெரியம்மா திரும்பவும் மதிலடிக்கு வந்தார். இந்தத் தடவை இரண்டு குரல். சிவலை அந்தச் சின்ன வாயைத் தூக்கி டைகரைப் பார்த்து ஊளையிடப் பழகியிருந்தாள்.

அவனை அடக்கியது வேறொரு வேலை. மூன்று கிழமை, விடாமல். ஹெல்மெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு கதிரையில் இருப்பேன், போகமாட்டேன். சாவியைக் கிலுக்கிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போவேன். மறுகா கேற் வரை போய்த் திரும்புவேன். இரண்டு நிமிடம் வெளியே நிற்பேன், அவன் கத்தமுதல் உள்ளே வந்துவிடுவேன். அப்புறம் ஐந்து, பத்து, அரை மணி நேரம். ஹெல்மெட், சாவி, மோட்டார் சைக்கிள் சத்தம் எல்லாம் பயப்படத் தேவையில்லாத சத்தங்கள் என்று அவனுக்குப் பழகவேண்டும், அவ்வளவுதான். இதைச் சிவலை வருவதற்கு முன்னமே செய்திருந்தால் அவளுக்கு ஊளை பழகியிருக்காது.

சரி, கேற்றுக்கு வருகிறேன். ஐந்து வருடத்தில் என்னை மிகவும் வருத்தியது நோயுமில்லை, செலவுமில்லை. காலை ஏழே முக்கால் மணி.

ஒரு நாய் என்றால் இடது கையால் கழுத்துப்பட்டியைப் பிடித்துக்கொண்டு வலது கையால் மோட்டார் சைக்கிளை உருட்டி வெளியே விட்டு, நாயை உள்ளே தள்ளிக் கேற்றைச் சாத்தலாம். இரண்டு நாய்க்கு மூன்றாவது கை எங்கே இருக்கிறது? ஒன்றைப் பிடித்தால் மற்றது காலுக்கிடையால் ஓடும். அதைப் பிடிக்கக் கேற்றை விட்டால் முதலாவதும் போய்விடும். கட்டிவைத்தோம். கட்டிய நாய் கத்தியது, அவிழ்ந்து நின்றது அதன் முகத்துக்கு முன்னால் போய் நின்று சண்டைக்கு இழுத்தது. அறைக்குள் விட்டுப் பூட்டினோம். கதவின் கீழ்ப்பக்கத்தை ஒரு சாண் அகலத்துக்குக் கடித்துத் தின்றிருந்தார்கள். கல்முனை வீதி எங்கள் ஒழுங்கையிலிருந்து இருநூறு மீற்றர்கூட இல்லை. பஸ் எந்த வேகத்தில் போகும் என்று அந்த வீதியில் போகிறவர்களுக்குத் தெரியும்.

2021இல்தான் உள் கேற் போட்டோம். வெளிக் கேற்றுக்கு எட்டு அடி உள்ளே இரண்டாவது கேற். நடுவில் மோட்டார் சைக்கிளும் நானும் நிற்க இடம். உள் கேற்றைச் சாத்திக் கொண்டி போட்ட பிறகுதான் வெளிக் கேற்றைத் திறப்பேன். வரும்போதும் அதே ஒழுங்கு. முதலில் நான்கு அடி உயரத்துக்குச் செய்வித்தோம். சிவலை ஒரே கிழமையில் தாண்டினாள். ஐந்து அடியாக்கினோம். கம்பி இடைவெளி மூன்று அங்குலம். மாரி மழைக்கு அடியிலிருந்த மணல் அரித்துப் போய், அவள் அந்தப் பள்ளத்தைத் தோண்டிப் பெரிதாக்கிவிட்டாள். கேற்றுக்குக் கீழே ஆறு அங்குலக் கொங்கிறீற் போட்ட பிறகுதான் அது நின்றது. எல்லாம் சேர்த்து 41,500 ரூபா முடிந்தது. இரண்டு நாய்களுக்காக நாங்கள் செலவழித்ததில் இதுபோல் பிரயோசனமானது வேறொன்றும் இல்லை. யாராவது இரண்டாவது குட்டி எடுக்கப் போகிறேன் என்றால், குட்டிக்கு முதல் கேற்றைப் போடுங்கள் என்பேன்.

அந்தக் கேற் சரிந்து கிடந்த நான்கு நாளில் மூன்றாம் நாள் காலை, சிவலை என் காலை இடித்துக்கொண்டு வெளியே பாய்ந்தாள். ரியூஷனுக்குச் சைக்கிளில் போன பையன் பயந்து விழுந்து முழங்காலில் இரத்தம். கடிக்கவில்லை, கிட்டக்கூடப் போகவில்லை. ஆனால் அவன் அழுதுகொண்டிருந்தான். சவர்க்காரம் போட்டுக் கழுவி, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தாய் கேட்ட முதல் கேள்வி, "விசர் ஊசி போட்டிருக்கா?" இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வருடா வருடம் போடுகிறோம், அட்டையைக் காட்டினேன். அவர் வாசித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று அரை நாள் லீவு போட்டேன். என் நாயால் ஒரு பிள்ளை விழுந்தது என்பது இன்னும் மனதில் கிடக்கிறது.

அடுத்தது, ஒன்பது மணி நேரம் நாங்கள் பார்க்காமல் இருப்பது. ஒரு நாய் என்றால் பின்னேரம் வந்து வளவைப் பார்த்தாலே விளங்கிவிடும். சட்டியில் சோறு கிடந்தால் அவன் சாப்பிடவில்லை. மணலில் சத்தி கிடந்தால் அவன்தான் எடுத்திருக்கிறான். இரண்டு என்றால் அது யாருடையது?

2023இல் சிவலைக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாளாக அவள் வாயே வைக்கவில்லை. எங்களுக்குத் தெரியாது. காலையில் இரண்டு சட்டியிலும் சோறு போட்டுவிட்டுப் போவோம், வரும்போது இரண்டும் வழித்துத் துடைத்தபடி கிடக்கும். டைகர் இரண்டையும் தின்றிருக்கிறான். மூன்றாம் நாள் பின்னேரம் கேற்றடிக்கு வந்தவள் படுத்துவிட்டாள். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். முரசு வெள்ளைக் கடதாசி போல இருந்தது. நாய்க்கு 39.2 பாகை வரை சாதாரணச் சூடு. அவளுக்கு மிருக வைத்தியர் வைத்துப் பார்த்தபோது 40.4. இரத்தம் சோதித்து, 28 நாள் குளிசை தந்தார். காலையும் பின்னேரமும் அவித்த சூடை மீனுக்குள் குளிசையை வைத்து உருட்டிக் கொடுப்பேன். ஒரு நாள் டைகர் இடையில் பாய்ந்து அதை விழுங்கிவிட்டான். அன்றுமுதல் ஒருவருக்குக் கிணற்றடியில், மற்றவருக்குக் குசினிக்குப் பின்னால், நடுவில் சுவர். தின்று முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பேன். பன்னிரண்டு நிமிடம். காலையில் அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்காக ஐந்து மணிக்கு எழும்பப் பழகினேன்.

உண்ணி விஷயத்தில் இரண்டு நாய் வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்திருக்கவேண்டும். நாம் பிடுங்கி எறிவது கொஞ்சம்தான். இரத்தம் குடித்த பெண் உண்ணி நாயிலிருந்து விழுந்து சுவரில் ஏறி, வெடிப்புக்குள் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். குஞ்சுகள் இரத்தம் கிடைக்காமலும் மாதக்கணக்கில் காத்திருக்கும். ஒரு நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் மற்ற நாயில் அவை சாப்பிட்டு வளரும். இரண்டுக்கும் ஒரே நாளில் மருந்து, அதே கிழமையில் விறாந்தைச் சுவரின் வெடிப்பெல்லாம் சீமெந்து பூசி அடைப்பு. அதற்குப் பிறகு குறைந்தது. கச்சான் காற்று வீசுகிற வெக்கை மாதங்களில் இப்போதும் காதுக்குள் விரல் விட்டுப் பார்க்காமல் படுப்பதில்லை.

வயிற்றோட்டம் என்றால் யாருக்கு என்று கண்டுபிடிக்க வழி ஒன்று சொல்கிறேன். ஒருவருடைய சோற்றில் மட்டும் கரட்டைத் துருவிப் போடுங்கள். அடுத்த நாள் மணலில் எது யாருடையது என்று தெரிந்துவிடும்.

இவ்வளவையும் எழுதிவிட்டு மற்றதை எழுதாமல் விட்டால் அநியாயம்.

டைகருக்கு இப்போது காது மந்தம். போன வருடம்தான் கவனித்தேன். முன்பெல்லாம் சைக்கிள் ஒழுங்கை முனையில் திரும்பும்போதே கேற்றடிக்கு வந்துவிடுவான். இப்போது கிட்ட வந்தாலும் தெரியாது. ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது வெளிக் கேற்றின் இடுக்கால் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி நிழலில், நாங்கள் பாதிக்குப் புதைத்து வைத்த மண்சட்டிக்குப் பக்கத்தில், இரண்டு பேரும் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்திருந்தார்கள். சிவலை காதை உயர்த்தினாள். எழும்பி ஓடி வரவில்லை. திரும்பி அவன் காதை நக்கினாள், இரண்டு தரம். அவன் தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு முன்கால் ஊன்றி மெல்ல எழும்பினான். அவன் எழும்பும்வரை அவள் நின்றாள். பிறகுதான் இரண்டு பேரும் வந்தார்கள். நான் சைக்கிளைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

அதற்குப் பிறகு பல தரம் பார்த்துவிட்டேன். வைகாசியில் அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்குக்கு வெடி கொளுத்தும்போது முன்பெல்லாம் கட்டிலுக்குக் கீழே போய் நடுங்குவான். இப்போது அவள் வயிற்றோடு தலையை வைத்துப் படுத்துக்கொள்கிறான். அவளுக்கு வெடிப் பயம் கிடையாது. நாங்கள் இல்லாத ஒன்பது மணி நேரத்தில் கேளாத காதோடு அவன் தனியாகக் கிடக்கவில்லை என்பதற்காக எத்தனை கேற்றும் போடலாம் என்று தோன்றும்.

ஆனாலும் ஆளுக்கு ஆள் கிடைக்கும் நேரம் குறைந்துதான் போனது. முன்பு டைகரோடு கடற்கரையில் நாற்பது நிமிடம் நடப்பேன். இப்போது அவன் மெதுவாக நடக்கிறான், அவள் இழுக்கிறாள், இருவரையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போகமுடியாது. இருபது, இருபது. ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போகும்போது மற்றவர் உள் கேற்றுக் கம்பிக்குள் மூக்கை விட்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டே போகவேண்டும்.

தங்கச்சி, நான் சொல்வது: எடுக்காதே. இந்த வருடம் எடுக்காதே. உங்கள் வீட்டுக்கு ஒற்றைக் கேற், அதுவும் தகரம். மகனுக்கு நாலு வயது. நீயும் அவரும் ஏழரைக்குப் போகிறீர்கள். உன் நாய் கத்துவது உன்னைத் தேடித்தான். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு கதிரையில் இருப்பதை இந்த ஞாயிறே தொடங்கு. மூன்று கிழமைக்குப் பிறகும் கத்தினால் சொல், நான் வந்து பார்க்கிறேன். குட்டி பார்க்க மட்டும் யார் கூப்பிட்டாலும் போகாதே.